இரண்டு தோட்ட மாளிகைகள்

உலகத்தில் காணத்தக்க இடங்கள் இவை இவை என்று வரிசையிட்டுக் கூறும் கைந்நூல்களுக்கு எந்த மொழியிலும் பஞ்சமில்லை. பாரிசு மாநகரின் ஐஃபில் கோபுரம், இலண்டனின் கோபுரப் பாலம், ஆக்ராவின் தாஜ்மகால், நியூயார்க்குத் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திரச் சிலை என அவை நீண்டுகொண்டே போகும். ஆயின், அத்தகைய கைந்நூல்களுள் பெரும்புகழ் பெற்ற ஒன்று எவ்வாறு பிறந்தது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 1900ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் மிச்செலின் சகோதரர்கள் ஒரு சிறு வழிகாட்டி நூலை அச்சிட்டு, மோட்டார் வண்டி வைத்திருந்தோர்க்கு இலவசமாக வழங்கினர். எந்த ஊரில் தங்கலாம், எங்கே வண்டியைப் பழுது பார்க்கலாம் என்பன போன்ற செய்திகள் அதில் இருந்தன. அச்சகோதரர்கள் புலவரும் அல்லர், வரலாற்றறிஞரும் அல்லர். அவர்கள் சக்கரத்துக்கு இரப்பர் டயர் செய்து விற்றவர்கள். மக்கள் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்!

ஊர் சுற்றிப் பார்க்கும் இக்காலப் பழக்கத்துக்கும் இரப்பருக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நெருக்கமானது. ஆனால், அந்த வழிகாட்டி நூல்கள் எவற்றிலும் இரப்பர்த் தோட்டம் காணத்தக்க இடமாக இடம்பெற்றதில்லை. தோட்டத்தின் பெயரைத் தாங்கி நகரத்தில் எழுந்த மாளிகைகளும் அப்பட்டியல்களில் ஏறியதில்லை. அத்தகைய மாளிகைகள் இரண்டு. ஒன்று இலண்டன் மாநகரின் வணிகப் பகுதியில் 1930களில் எழுந்தது. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் ‘தோட்ட மாளிகை’ என்றே வரும். மற்றொன்று பெட்டாலிங் ஜெயாவில் எழுந்தது. அதற்குத் தமிழிலேயே தோட்ட மாளிகை என்று பெயர். ஒரே பெயர் கொண்ட இவ்விரு கட்டடங்களின் கதையையும் அறிய விரும்புவோர், இரண்டு நகரங்களையும் விட்டுவிட்டு முதலில் நெகிரி செம்பிலானுக்கு வரவேண்டும்.

நெகிரி செம்பிலானில் காணத்தக்கவை எவை என்று கேட்டால் அரசாங்கச் சுற்றுலா ஏடு சில பெயர்களைச் சொல்லும். 1902இல் தொடங்கி 1908இல் முடிக்கப்பெற்றதும் ஆணியே அடிக்காமல் 99 தூண்களின் மீது நிறுத்தப்பட்டதுமான சிறீமெனாந்தி அரண்மனை. கோலாலம்பூர்ப் புகைவண்டி நிலையத்தை வரைந்த ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞரே வரைந்த சிரம்பான் பழைய அரசுச் செயலகம். தஞ்சோங் துவானில் கடலை நோக்கி நிற்கும் கலங்கரை விளக்கம். எல்லாம் காணத்தக்கனவே, ஐயமில்லை. (கலங்கரை விளக்கம் நிற்கும் முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்கு உரியது என்பது ஒரு வேடிக்கை.) ஆனால், இம்மாநிலத்தின் பெயரை உலகச் சந்தையில் ஒலிக்கச் செய்தவை இவை அல்ல. ரந்தாவ், லிங்கி, சிலியாவ், லாபு, பகாவ் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பரந்து கிடந்த பால்மரக் காடுகளே அதனைச் செய்தன.

பால்மரம் இம்மண்ணுக்கு வருமுன் இங்கே காப்பி பயிராயிற்று. சுங்கை ஊஜோங் அன்று தனியொரு சிற்றரசு. 1880களில் ஹில் என்னும் வெள்ளைக்காரர் லின்சம் தோட்டத்தில் காப்பி பயிரிட்டார். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து 1891இல் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப் பாதை திறக்கப்பெற்றது. ஈயத்தையும் காப்பியையும் கடற்கரைக்குக் கொண்டுசெல்லத் தனியார் போட்ட பாதை அது. பின்னாளில் இரப்பர் வந்தபோது அதற்கு வழி ஆயத்தமாக இருந்தது. ஒரு பயிருக்காகப் போட்ட பாதை வேறொரு பயிருக்குப் பயன்படுவது வரலாற்றில் புதியதன்று.

இரப்பரின் கதையைப் பலரும் அறிவர். 1876இல் ஹென்றி விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றதும், அவற்றுள் முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததும், அவற்றுள் ஒன்பது கோலாகங்சாரில் நடப்பட்டதும் பள்ளிப் பாடத்தில் வரும் செய்திகள். இருபது ஆண்டுக்காலம் அம்மரத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. காப்பி விலை சரிந்த பிறகே துரைமார் மனம் மாறிற்று. 1896ஆம் ஆண்டு வாக்கில் மலாக்காவில் டான் சாய் யானும், காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்களும் இரப்பரை வாணிகப் பயிராக நட்டனர். அதற்குப் பத்தாண்டுகளுக்குள் சுங்கை ஊஜோங்கின் காப்பிக் காடுகளும் பால்மரக் காடுகளாயின. 1905இல் லிங்கி என்னும் ஊர்ப்பெயரைத் தாங்கிய தோட்ட நிறுவனம் ஒன்று இலண்டனில் பதிவாயிற்று. லிங்கி ஆறு எங்கே ஓடுகிறது என்று அறியாத ஆங்கிலேயச் சீமான்களும் சீமாட்டிகளும் அதன் பங்குகளை வாங்கினர்.

1910ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டனில் ஓர் இராத்தல் இரப்பரின் விலை 12 சில்லிங்கையும் தாண்டியது. பங்கின் முகமதிப்பைக் காட்டிலும் மிகுதியான தொகையை ஒரே ஆண்டில் ஆதாயமாகக் கொடுத்த நிறுவனங்கள் இருந்தன. அந்த ஆண்டில்தான் மலாய்க் கூட்டரசு நாடுகளில் இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை முடிவுக்கு வந்தது; கங்காணி முறை மேலோங்கியது. கங்காணி தன் ஊருக்குத் திரும்பிச் சென்று, உற்றாரையும் ஊராரையும் திரட்டிக் கப்பலேற்றினான். சேலம், திருச்சி, தென்னார்க்காடு, வடார்க்காடு, தஞ்சாவூர் ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்கள் நெகிரி செம்பிலான் லயங்களுக்குப் பெயர்ந்தன என்றே சொல்லலாம். 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை இப்பெயர்ச்சி ஏறியும் இறங்கியும் தொடர்ந்தது.

இலண்டன் மாளிகைக்குக் கல் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, பால் சென்ற வழியே நடந்து பார்க்க வேண்டும்.

விடியற்காலையில், இருள் பிரியுமுன்னே, பிரட்டுக்களத்தில் மணி அடிக்கும். கிராணி பெயர் கூப்பிடுவார். தண்டல் நிரை பிரிப்பார். வெயில் ஏறிவிட்டால் மரத்தின் பால் ஓட்டம் தளர்ந்துவிடும். ஆகவே, முதல் வெளிச்சம் விழும்போதே உளி பட்டையில் படவேண்டும். முன்னூறு, நானூறு மரங்கள் ஒருவர் பங்கு. பட்டையை மிக மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் மிகுந்தால் மரம் புண்படும். குறைந்தால் பால் வராது. இந்தக் கைத்திறத்தை எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. அம்மாவின் பின்னே நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு நடந்த மகள் அதைக் கண்ணால் கற்றாள். பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள் என்பது வரலாற்று நூல்கள் பலவற்றில் போதிய அழுத்தத்தோடு சொல்லப்படாத உண்மை.

மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டா கட்டித் தோளில் சுமந்து பால் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே நிறுவை, நிறுவையில் தகராறு. பிறகு வடிகட்டி, நீர் கலந்து, தொட்டியில் ஊற்றி, அமிலம் சேர்த்து உறைய விடுவார்கள். உறைந்த பால் தயிர்க்கட்டிபோல் எழும். அதனை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்குவர். கடைசி உருளை அதன்மேல் வரிவரியாகக் கோடு பதிக்கும். தகடுகளைக் கழிகளில் தொங்கவிட்டுப் புகைக்கூட்டில் பல நாள் புகையூட்டுவர். அடுப்பில் எரிவதும் பால் வற்றிய பழைய இரப்பர் மரமே. ஒரு மரம் வாழுங்காலத்தில் பாலையும், வெட்டப்பட்ட பின் அப்பாலைப் பதமாக்கும் நெருப்பையும் தந்தது. தேன்நிறம் ஏறிய தகடுகளைப் பெண்கள் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, குமிழும் தூசியும் உள்ள இடங்களைக் கத்தரித்து நீக்கித் தரம் பிரிப்பார்கள். பின்பு கட்டிப் பொதியாக்கி இரயிலில் ஏற்றிவிட்டால் தோட்டத்தின் வேலை முடிந்தது.

கப்பல் இலண்டன் துறையை அடைந்ததும், அந்தப் பொதி எந்தக் கைகளிலிருந்து வந்தது என்ற நினைவு அற்றுப்போகும். மின்சிங் லேன் என்னும் குறுகிய தெருவில் தரகர்கள் அதன் மாதிரித் துண்டை இழுத்துப் பார்த்து ஏலம் கூறுவர். மின்சிங் என்பது கன்னித் துறவியரைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஒரு காலத்தில் அந்நிலம் கன்னிமாடம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்ததாம். துறவியர் தெருவில் உலகத்தின் தேயிலை, மிளகு, சர்க்கரை, இரப்பர் எல்லாம் விலைபேசப்பட்டன. இத்தெருவில் ஒரு காசு ஏறினால் சிரம்பானில் புதுக்காடு வெட்டப்படும். ஒரு காசு இறங்கினால் லயத்தில் ஒரு வேளை அடுப்பு அணையும்.

அது வெறும் உவமை அன்று. 1920களின் இறுதியில் மேற்குக்கரைத் தோட்டங்களில் பொதுவாக நடைமுறைக்கு வந்த கூலி, நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்ததும் அக்கூலி ஆணுக்கு 40 காசாகவும் பெண்ணுக்கு 32 காசாகவும் வெட்டப்பட்டது. 1910இல் 12 சில்லிங்கைத் தாண்டிய ஓர் இராத்தலின் விலை 1932இல் 2 பென்சுக்கும் கீழே போயிற்று. வேலையிழந்த தமிழர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாண்டுகளில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பியனுப்பப்பட்டனர். கப்பலேற்றிக் கொண்டுவந்த அதே ஏற்பாடு, வேண்டாதபோது கப்பலேற்றி அனுப்பவும் பயன்பட்டது.

அந்த வீழ்ச்சி முற்றிலும் விலகாத 1930களின் நடுப்பகுதியில்தான், மின்சிங் லேனுக்கும் பெஞ்சர்ச்சுத் தெருவுக்கும் இடைப்பட்ட இடத்தில் முதலாவது தோட்ட மாளிகை எழுந்தது. ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு நின்ற பெருங்கட்டடம் அது. இரப்பர், தேயிலை முதலிய தோட்ட விளைபொருள்களின் வணிகர்க்கு அலுவலகங்கள் அமைக்கவென்றே எழுப்பப்பட்டதாதலின் அப்பெயர் பெற்றது. 1937 முதல் தேயிலை ஏலம் அங்கேதான் நடந்தது. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில், கிரேட் டவர் தெருவில், மலாயாத் தோட்டங்கள் பலவற்றை நிருவகித்த ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு நிறுவனத்தின் தலைமையகம். கோபுரப் பாலத்தையும் இலண்டன் கோட்டையையும் காணவரும் பயணி பத்து நிமிடம் நடந்தால் இவ்விடத்தை அடைந்திருக்கலாம். ஆனால், வழிகாட்டி நூல் அந்தப் பக்கம் கை காட்டவில்லை. காட்டியிருந்தாலும், பளிங்கும் பித்தளைக் கைப்பிடியும் உள்ள அந்த வாயிலில் நின்றுகொண்டு பிரட்டுக்களத்தை யார் நினைத்திருக்கப் போகிறார்கள்?

அம்மாளிகையில் பின்னொரு நாள் நடந்த செய்தி ஒன்றையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். 1980களில் இலண்டன் உலோகச் சந்தை அங்கே இயங்கி வந்தது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயக் கழகம் கடன் தீர்க்க இயலாமல் கையை விரித்ததும், அச்சந்தையில் ஈய வாணிகம் நின்றது. விலை பாதிக்கு மேல் சரிந்தது. மலேசியாவில் ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நாடு விடுதலை பெற்று 28 ஆண்டுகள் கழிந்த பின்னும், அந்த ஒரு கட்டடத்துக்குள் எழுந்த குரல் இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோற்றில் கை வைத்தது.

இனி மற்றொரு மாளிகைக்கு வருவோம்.

தோட்டத் தமிழனுக்கு நகரத்தில் காணத்தக்க இடம் என்று நெடுங்காலம் இருந்தது ஒன்றே ஒன்று. அது பத்துமலை. அங்கே 1892 முதல் தைப்பூசம் நடந்து வருகிறது. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து லாரிகளிலும் இரயிலிலும் மக்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்படுவர். கோலாலம்பூர்ப் புகைவண்டி நிலையத்தின் குவிமாடங்களை அண்ணாந்து பார்த்தபடியே கையில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக நடப்பர். அந்த நிலையத்துக்கு வந்து சேரும் தண்டவாளங்களைப் போட்டவர்களிலும் பெரும்பாலோர் தமிழரே என்பதை அவர்களுக்குச் சொல்வார் எவருமிலர். இரண்டு நாள் திருவிழா முடிந்ததும் மீண்டும் லயம். நகரம் என்பது சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும் இடமேயன்றி, உரிமையோடு நுழைந்து உட்காரும் இடமாக அவர்களுக்கு இருந்ததில்லை. தோட்டத்துக்குள்ளோ, துரை பங்களாவின் வாயிற்படி கூட அவர்களுக்கு அயலிடந்தான். சைக்கிளில் வருபவன் துரையைக் கண்டால் இறங்கி நடக்க வேண்டும் என்ற வழக்கம் பல தோட்டங்களில் போர்க்காலம் வரை இருந்தது.

போர் அதை மாற்றியது. ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமற் போயினர். மறுபுறம், நேதாஜியின் படையில் சேர்ந்த தோட்டத்து இளைஞரும் பெண்களும் முதன்முறையாக நிமிர்ந்து நிற்கக் கற்றனர். 1945இல் துரைமார் திரும்பி வந்தபோது, சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த ஒரு தலைமுறை அவர்களை எதிர்கொண்டது.

அடுத்த ஆண்டிலேயே சிரம்பானில் ஒரு சங்கம் தோன்றியது. கேரளத்தில் 1923இல் பிறந்து மலாயாவுக்கு வந்து படித்த பி.பி. நாராயணன் என்னும் இளைஞர், நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர்களை ஒருங்கிணைத்துச் சங்கம் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. தோட்ட எல்லைக்குள் வெளியார் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்ட காலம் அது. சாலையோரத்திலும், கோயில் திருவிழாக் கூட்டத்திலும் நின்று பேசித்தான் உறுப்பினர் சேர்க்க வேண்டியிருந்தது. 1948இல் அவசரகாலச் சட்டம் வந்ததும் நாட்டின் தொழிற்சங்கங்கள் பல கலைந்தன. தலைவர்கள் சிலர் சிறைப்பட்டனர், சிலர் காடேறினர், சிலர் நாடு கடத்தப்பட்டனர். ஆயுதப் புரட்சியைச் சாராமல் நின்ற நெகிரி செம்பிலான் சங்கம் நிலைத்தது. அது துணிவா, எச்சரிக்கையா, அரசின் தயவா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. மூன்றும் கலந்திருந்தன என்பதே பொருத்தம். 1954இல் பல மாநிலச் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். 1962இல் மாக்சேசே விருதும், 1975இல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமைப் பதவியும் அவரைத் தேடி வந்தன. சிரம்பானில் தொடங்கிய வழி அவ்வளவு தொலைவு சென்றது.

அச்சங்கம் எழுப்பிய தலைமையகமே பெட்டாலிங் ஜெயாவின் தோட்ட மாளிகை. தோட்டத்தில் சம்பள நாளன்று பிரித்துக் கொடுத்த சந்தாவே அதன் செங்கல்லும் சிமிந்தியும். இங்கே பெயரைச் சற்று நின்று நோக்குதல் தகும். ‘தோட்டக் காட்டான்’ என்று நகரத்துத் தமிழரே ஏளனமாக அழைத்த காலத்தில், தோட்டம் என்னும் சொல்லை மறைக்காமல் மாளிகையோடு சேர்த்து நகரத்தின் நடுவே எழுதிவைத்தது சிறு செயல் அன்று. இலண்டன் மாளிகையின் பெயரைப் பார்த்துத்தான் இப்பெயரிட்டனரோ, அன்றித் தற்செயலாக அமைந்ததோ, பொருத்தம் மட்டும் வியக்கத்தக்கது. அதன் மண்டபத்தில் தொழிற்சங்க மாநாடுகள் மட்டும் நடக்கவில்லை. நூல் வெளியீடுகள், இலக்கியக் கூட்டங்கள், கலை நிகழ்ச்சிகள், திருமணங்கள் எனத் தமிழர் வாழ்வே அங்கே வந்து கூடியது. மண்டபத்துக்கு வெளியேயும் அச்சங்கத்தின் கை நீண்டது. ‘சங்கமணி’ என்னும் தமிழ் ஏட்டை அது நடத்தியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்கக் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தொழில்நுட்பக் கழகத்தையும் நிறுவியது.

தோட்டத்துச் சல்லிக்காசு நகரத்தில் கட்டடமாய் எழுந்தது இந்த ஓரிடத்தில் மட்டுமன்று. 1950களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டியபோது, பால்வெட்டுத் தொழிலாளர் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தனர். அந்நிதியில் வாங்கிய நூல்கள் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. அங்கே கால் வைக்காதவர்கள் வாங்கிக் கொடுத்த புத்தகங்கள் அவை. 1950களில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தொழிலாளரை வெளியேற்றத் தொடங்கினர். அவ்வேளையில், 1960இல், அமைச்சர் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழி செய்தார். அக்கூட்டுறவின் அடையாளமாகக் கோலாலம்பூரில் நிற்பது விஸ்மா துன் சம்பந்தன்.

இவற்றையெல்லாம் சொல்லும்போது மறுபக்கத்தை மறைப்பது வரலாறு ஆகாது. பெட்டாலிங் ஜெயா மாளிகை உயர்ந்த அளவுக்கு லயத்தின் கூரை உயரவில்லை என்ற மனக்குறை தொழிலாளரிடையே பல்லாண்டுகள் இருந்தது. மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலம் இழுபட்டு, 2003இல்தான் மாதம் 350 ரிங்கிட் என்னும் உடன்பாட்டைக் கண்டது. நகரத்தில் வாடகைக்கே போதாத தொகை அது. சங்கத்தின் முயற்சியால் 1960களின் பிற்பகுதியில் தோன்றிய கேட்கோ நிறுவனத்தின் கதை இன்னும் கசப்பானது. பகாவ் வட்டாரத்தில் நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். தோட்டத் தொழிலாளர் நில உடைமையாளராவர் என்ற பெரிய கனவு. தங்கள் சேமிப்பைக் கொடுத்துக் குடும்பங்கள் குடியேறின. கரும்பு நட்டனர், அது கைகொடுக்கவில்லை. இரப்பர் நட்டனர். நிறுவனம் கடனில் மூழ்கி, நிலம் கைமாறி, குடியேறியவர்கள் தங்கள் பங்கைக் கேட்டு நீதிமன்றப் படியேறும் நிலை வந்தது. கனவு கண்டவர்கள் தவறிழைக்கவில்லை. கணக்குப் பார்த்தவர்கள் போதிய விழிப்போடு இருந்தனரா என்னும் கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது.

இதற்கிடையே இலண்டனில் காட்சி மாறியது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலை, இலண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் கத்திரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்தது. ‘விடியற்காலைத் தாக்குதல்’ என்று உலக ஏடுகள் அதனை வருணித்தன. நெகிரி செம்பிலானிலும் நிலங்களைக் கொண்டிருந்த கத்திரி, அன்று முதல் மலேசியாவுக்குச் சொந்தமாயிற்று. அடுத்த ஆண்டு ஹாரிசன்ஸ் தோட்டங்களும் அதே வழியில் வந்தன; 2007இல் இவையெல்லாம் சைம் டார்பியுடன் ஒன்றிணைந்தன. உடைமை இலண்டனிலிருந்து கோலாலம்பூருக்குப் பெயர்ந்த அந்த விடியற்காலையிலும் லயத்தில் வழக்கம்போல் பிரட்டு மணி அடித்தது. உளியும் வாளியும் வழக்கம்போல் காட்டுக்குப் போயின.

பிறகு மரமே போயிற்று. இரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர். நீலாய், சிரம்பான் 2, செண்டாயான் எனத் தோட்ட நிலங்களில் புது நகரங்கள் முளைத்தன. மாநில எல்லைக்குச் சற்று வடக்கே, முதல் உலகப்போரில் பணியாற்றிய ஆங்கிலேயப் படைவீரர்கள் 1921இல் திறந்து ‘பெரும் போர்’ என்ற பொருளில் பிராங் பெசார் எனப் பெயரிட்ட தோட்டம் இருந்தது. மிகுதியாகப் பால் தரும் ஒட்டுமரங்களுக்கு அது பேர்பெற்றது, பி.பி. 86 என்று தோட்டத்துக் கிராணிமார் எழுதிவந்த மரவகை அங்கே பிறந்ததே. இன்று அத்தோட்டம் புத்ராஜெயா. ஏரியும் பாலங்களும் இளஞ்சிவப்புப் பள்ளிவாசலுமாக, மலேசியாவில் காணத்தக்க இடங்களின் பட்டியலில் முன்வரிசையில் நிற்கும் நகரம். அங்கிருந்த நான்கு தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தனி வீடு கேட்டு அவர்கள் காத்திருந்த காலம் கால் நூற்றாண்டைக் கடந்தது. புத்ராஜெயாவைக் காட்டும் வழிகாட்டி நூல் ஒன்றேனும் பிராங் பெசாரின் லயங்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்குமானால் நன்று.

இலண்டன் மாளிகையும் இன்று இல்லை. அது இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் கண்ணாடியும் கல்லுமாக வேறொரு பெருங்கட்டடம் 2004இல் எழுந்தது. பழைய பெயரை முற்றும் கைவிட மனமில்லாமல், ‘தோட்ட இடம்’ என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினர். அங்கே வேலை செய்வோர்க்கு இரப்பரோடும் தேயிலையோடும் யாதொரு தொடர்பும் இல்லை. பெஞ்சர்ச்சுத் தெருவில் நடந்து சென்றவர் எவரேனும் அந்தப் பெயரை நிமிர்ந்து நோக்கியிருந்தால், எந்தத் தோட்டம் என்று கேட்கத் தோன்றியிருக்கலாம். விடை சொல்வார் அருகில் இருந்திரார்.

நெகிரி செம்பிலானில் அந்தப் பெயர்கள் வேறொரு வகையில் நிலைத்திருக்கின்றன. லயங்கள் பல போய்விட்டன, புகைக்கூடுகள் இடிந்தன, பால் கொட்டகைகள் பல இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் லின்சம் தோட்டத் தமிழ்ப்பள்ளி, பிராட்வால் தோட்டத் தமிழ்ப்பள்ளி, சுவா பெத்தோங் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பள்ளிகளின் பெயர்களில் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததன் வழியில், ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாருமாகத் தொடங்கிய பள்ளிகள் இம்மாநிலத்தில் பல. தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது புதிய குடியிருப்புகளிலிருந்து பள்ளி வேனில் வந்து இறங்குகிறார்கள். காலையில் மணி அடித்ததும் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுடைய சட்டைப்பையில் தைத்திருக்கும் சின்னத்தில் பள்ளியின் பெயரோடு தோட்டத்தின் பெயரும் இருக்கிறது.